பொன்னாடை போதும், ஒரு தாள் கொடுங்கள்: டர்பன் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, எல்லோரையும்விட முக்கியமாகப் பொருளாளர்களே,

வணக்கம்.

என் வீட்டு அலமாரியில் 37 பொன்னாடைகள் இருக்கின்றன. போன தீபாவளிக்கு வீடு ஒழித்தபோது என் மனைவி எண்ணினாள். ஜரிகை உதிர்ந்தது, ஓரத்தில் எண்ணெய்க் கறை பட்டது, விலைச் சீட்டைக் கிழிக்காமலே போர்த்தியது என்று எல்லா ரகமும் உண்டு. எல்லாம் உங்கள் மேடைகளில் நீங்கள் அன்போடு போர்த்தியவை. அந்த அன்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த 37 மேடைகளில் ஒன்றில்கூட அன்றைக்கு என்னென்ன பாட்டு பாடினோம், வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று யாரும் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. அந்தத் தாளைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நான் கும்பகோணத்துப் பக்கத்து ஆள். ஆர்மோனியம் வாசிக்க ஆறு மாதத்துக்கு என்று தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் உள்ள ஒரு கோயில் அழைத்தது. வந்து 22 வருடம் ஆகிறது. இங்கேயே கல்யாணம், இங்கேயே பிள்ளைகள், வீடு டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழும் பாட்டும் சொல்லித் தருகிறேன். முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு அறுபதுக்கு மேல் இருக்கும். அதில் நாலைந்து, தைப்பூசக் காவடிக்கும் சித்திராப் பருவக் காவடிக்கும் உங்கள் கோயில்களில் பாடப்படுகிறது. யார் எழுதியது என்று தெரியாமலே பாடுகிறீர்கள். டோங்காட்டில் ஒரு சிறுமி என் பாட்டை என்னிடமே பாடிக் காட்டி, "இது ரொம்பப் பழைய பாட்டு அங்கிள், எங்க ஆயா காலத்துப் பாட்டு" என்றாள். எழுதி ஒன்பது வருடம்தான் ஆகிறது. அன்றைக்கு எனக்கு வந்த பூரிப்பு எந்தப் பொன்னாடையிலும் வந்ததில்லை. பூரிப்பு இன்னும் போகவில்லை, அதோடு கொஞ்சம் கணக்கும் இப்போது சேர்ந்துகொண்டது.

"சாமிக்குப் பாடுறதுக்கு என்ன வாத்தியாரே காசு?" என்று என்னிடம் கேட்காத குழு குறைவு. நியாயமான கேள்விதான். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திருவிழாச் செலவுத் தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். டென்ட், நாற்காலி, ஜெனரேட்டர், பூ, அரிசி பருப்பு, காவலுக்கு ஆள், நடமாடும் கழிப்பறை, சவுண்ட் சிஸ்டம். எல்லாவற்றுக்கும் நேரே தொகை இருந்தது. "இசை" என்ற வரிக்கு நேரே ஒரு சின்னக் கோடு. ஸ்பீக்கர் பெட்டிக்கு வாடகை உண்டு, பெட்டிக்குள்ளிருந்து வருவதற்குக் கோடு. பெட்டிக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பில் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். நாங்கள் எந்தக் காகிதமும் கொடுக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

நான் இங்கே கேட்பது பாடுவதற்கான கூலியை அல்ல. அதைப் பெரும்பாலும் நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள், குறைச்சலாக என்றாலும். நான் சொல்வது ராயல்டி, பாட்டு பொது இடத்தில் ஒலிக்கும்போது அதை உருவாக்கியவருக்குச் சேர வேண்டிய பங்கு. அது வேறு வழியில் வருகிற பணம், பாதி வழியிலேயே நின்றுவிடுகிற பணம்.

சட்டத்தை நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஊரில் மனை ஒருத்தர் பேரிலும் அதன்மேல் கட்டிய வீடு இன்னொருத்தர் பேரிலும் இருக்குமே, அந்த மாதிரி. வரியும் மெட்டும் மனை. ஸ்டூடியோவில் பாடிப் பதிந்த பதிவு, வீடு. மனைக்குரிய பொதுநிகழ்ச்சிக் கட்டணத்தைத் தண்டுவது சாம்ரோ. 1961இல் தொடங்கிய இசை உரிமைச் சங்கம். வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வெளியீட்டாளருக்கும் அது பிரித்துக் கொடுக்கிறது. வீட்டுக்குரியதைத் தண்டுவது சாம்ப்ரா என்ற இன்னொரு உரிமைச் சங்கம். அது பதிவில் பாடியவர் வாசித்தவருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் போகிறது. இந்த இரண்டாவதுக்கு 'நீடில்டைம்' என்று பெயர். கிராமபோன் தட்டின்மேல் ஊசி ஓடுகிற நேரம் என்று அர்த்தம். ஊசி போய் கேசட் வந்து, கேசட் போய் யூஎஸ்பி வந்துவிட்டது. பெயர் மட்டும் ஊசியைவிட்டு இறங்கவில்லை.

ஆகவே உங்கள் மண்டபத்தில் நாங்கள் நேரில் பாடினால் முதல் உரிமை மட்டும்தான் பேச்சு. இடைவேளையில் யூஎஸ்பி சொருகிப் பாட்டுப் போட்டால் இரண்டும் வரும். "ரெண்டு பேரும் வந்து பில் நீட்டுறாங்க, இது என்ன கொள்ளை" என்று உணவகம் நடத்துகிற நண்பர் ஒருவர் என்னிடம் பொரிந்து தள்ளினார். கொள்ளை இல்லை ஐயா, மனைக்காரர் ஒருத்தர், வீட்டுக்காரர் ஒருத்தர். சலூன், துணிக்கடை, உணவகம், வாடகைக்கு விடுகிற மண்டபம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். எவ்வளவு என்பது இடத்தையும் நிகழ்ச்சியின் அளவையும் பொறுத்தது. அந்தக் கட்டணத்தைக் கட்டி உரிமம் எடுக்க வேண்டியது நிகழ்ச்சி நடத்துகிறவர் அல்லது இடத்துக்காரர். பாடுகிறவன் தலையில் அதைக் கட்டக் கூடாது. "லைசென்ஸ் எல்லாம் நீங்க பாத்துக்கங்க வாத்தியாரே" என்று சிலர் சொல்வதுண்டு. எங்கள் பாட்டைப் பாட நாங்களே உங்கள் சார்பில் உரிமம் எடுத்து, அதிலிருந்து எங்களுக்கே ராயல்டி வாங்குவதா? வடிவேலு காமெடி மாதிரி இருக்கிறது.

"எல்லாம் பழைய பக்திப் பாட்டுதானே, இதுக்கு ஏது உரிமை?" என்று அடுத்த கேள்வி வரும். இந்த நாட்டின் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி பாட்டுக்கு உரிமை எழுதியவர் ஆயுள் முழுவதும், அதற்கப்புறம் 50 வருடம். தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் யாரும் பணம் கேட்க முடியாது. அருணகிரிநாதர் சாம்ரோவில் உறுப்பினரும் இல்லை. தாராளமாகப் பாடுங்கள். ஆனால் போன மாதம் ஒருவர் எழுதிய காவடிப் பாட்டு பழைய ராகத்தில் இருப்பதால் பழம்பாட்டு ஆகிவிடாது. திருப்புகழையே ஒரு பாடகர் பாடிப் பதிந்திருந்தால் வரி பொதுச்சொத்து, பதிவு அவருடையது அல்லது அவருடைய நிறுவனத்தினுடையது. இந்தியாவிலிருந்து வந்த நண்பர்கள் சிலர், "எங்க ஊர்ல கோயில் சடங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கு" என்பார்கள். உண்மைதான், இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது அங்கே. இங்கே இந்த நாட்டுச் சட்டம். அந்த விலக்கு நம்மோடு விமானம் ஏறி வரவில்லை.

இளையராஜா விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 மார்ச்சில், எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உலகத்தில் தமிழன் இருக்கிற இடமெல்லாம் இரண்டு கட்சி. நம் மண்டபத்துக் காப்பி நேரத்திலும் அதே சண்டை நடந்தது, ஒருவர் வடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். நண்பனுக்கு நோட்டீஸா என்ற வருத்தம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு விஷயம் காணாமல் போய்விட்டது. மேடைக்கு உரிமம் எடுத்து, பாடிய பாட்டின் பட்டியலைக் கொடுக்க வேண்டியது நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பாடினவரையும் மெட்டுப் போட்டவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தோம்.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். சினிமா மெட்டில் பக்தி வரி போட்டு நானும் எழுதியிருக்கிறேன், ஒரு டஜனுக்குக் குறையாது. "அந்தப் பாட்டு மெட்டுலயே அம்மனுக்குப் போடுங்க, ஜனங்க டக்குனு பிடிச்சுக்குவாங்க" என்று குழுவில் கேட்பார்கள். ஜனங்களும் பிடித்துக்கொள்வார்கள். என் வரி எனக்குச் சொந்தம் என்று இன்றைக்கு மடல் எழுதுகிற நான், அன்றைக்கு இன்னொருவர் மெட்டைக் கேட்காமல் எடுத்தேன். நாலு வருடமாக நிறுத்திவிட்டேன். பழைய பழக்கத்தில் நீங்கள் இன்னும் அவற்றைப் பாடினால், பட்டியலில் மெட்டு யாருடையதோ அவர் பெயரை எழுதுங்கள், என் பெயரைத் தனியாகப் போடாதீர்கள்.

இப்போது தாத்தா கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம் என்றார், தாத்தா என்றே வைத்துக்கொள்வோம். எண்பது தாண்டியவர். மாகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு அது. அறுபதுகளில் அந்த ஜனங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது அவரும் குடும்பத்தோடு வந்தார். அவருடைய அப்பா தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள் என்பதையே எனக்கு முதலில் சொன்னவர் இந்தத் தாத்தாதான். நான் ஏதோ ஆறடி உயர ஆட்டக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன். தாத்தா தப்பு அடிப்பார், பாடுவார், பாட்டும் கட்டுவார்.

எண்பதுகளில் ஒருத்தர் தன் கார் கராஜில் மைக் வைத்து இவர்கள் ஐந்து பேரைப் பாடவைத்து கேசட் போட்டார். இரண்டு நாள் வேலை. ஐந்து பேருக்கும் சேர்த்து 150 ராண்டும் ஆளுக்கு நாலு கேசட்டும். அட்டையில் அம்மன் படம், கீழே கேசட் போட்டவர் பெயர், அதற்கும் கீழே "மற்றும் குழுவினர்". அந்த மற்றும்தான் தாத்தா. அந்தக் கேசட்டில் எட்டுப் பாட்டு, ஆறு அவர் கட்டியது.

போன சித்திராப் பருவத்துக்கு அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். காரை நிறுத்திவிட்டு மெதுவாக நடந்து வருகிறோம். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில், கரகரவென்று, அந்தக் கேசட். யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தாத்தா நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பக்கத்தில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அது நான்தாம்மா" என்றார். அந்தப் பெண் எதைச் சொல்கிறார் என்று புரியாமல் மரத்தைப் பார்த்துவிட்டு, "சரி தாத்தா" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அந்தக் கேசட் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். உங்களுக்கும் நாளைக்கு உதவும். ஒருவர் பணம் கொடுத்து ஒரு பதிவைச் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிவின் உரிமை பணம் கொடுத்தவருக்கு. ஆக வீடு கராஜ்காரருடையது. பதிவுக்கு 50 வருடம் உரிமை, இன்னும் முடியவில்லை. ஆனால் மனை? பாட்டை எழுத்து மூலமாகக் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். தாத்தா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 150 ராண்டும் நாலு கேசட்டும் வாங்கியதால் ஆறு பாட்டும் போய்விடவில்லை. அவை இன்றைக்கும் அவருடையவை, அவருக்குப் பிறகு 50 வருடம் பேத்திகளுடையவை. இதைச் சொன்னபோது அவர், "அப்ப நான் செத்தாலும் பாட்டு வேலைக்குப் போவும்னு சொல்லு" என்றார்.

கோயில் நிதிக்காகக் குறுந்தகடு போடுகிற குழுக்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். ஸ்டூடியோவுக்கு நீங்கள் பணம் கட்டினால் பதிவு உங்களுடையது, அதில் எனக்கு வழக்கில்லை. அதனால் பாட்டும் கோயில் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். எழுதியவர் மனமுவந்து கோயிலுக்கே கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும், நிறையப் பேர் கொடுப்போம். அதையும் எழுதி வாங்குங்கள்.

இந்த மண்ணிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. சாலமன் லிண்டா நம் மாகாணத்துக்காரர், சூலு பாடகர். 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் பதிந்த 'எம்பூபே' உலகம் முழுக்கச் சுற்றி, சிங்கம் தூங்குகிறது என்று ஆங்கில வரி ஏறி, ஹாலிவுட் படம்வரை போனது. அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். 1962இல் வறுமையில் இறந்தார். 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு பிரிவு, எழுதியவர் இறந்து 25 வருடம் ஆனால் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்றது. யாரும் சீந்தாமல் கிடந்த அந்தப் பிரிவைத் தூசு தட்டி எடுத்து வழக்குப் போட்டு, 2006இல் அவருடைய மகள்கள் சமரசத்தில் தங்கள் பங்கை வாங்கினார்கள். பாட்டு பிறந்து 67 வருடம் கழித்து. லிண்டாவின் மகள்களுக்காக உலகப் பத்திரிகைகள் எழுதின. நம் தாத்தாவின் கேசட்டுக்கு யார் எழுதுவார்கள்? நீங்கள்தான் எழுத வேண்டும், அதுவும் ஒரு தாளில், ஐந்து நிமிடத்தில்.

தாள் எதற்கு என்று இன்னும் விளங்கவில்லையா? நீங்கள் உரிமத்துக்குக் கட்டுகிற பணம் சாம்ரோ போன்ற உரிமைச் சங்கத்துக்குப் போகிறது. அது யாருக்குச் சேர வேண்டும் என்று சங்கத்துக்கு எப்படித் தெரியும்? வானொலி தான் ஒலிபரப்பியதைக் குறிப்பெடுத்துக் கொடுக்கிறது. மண்டபத்தில் நடந்ததை யாராவது சொன்னால்தான் உண்டு. பட்டியல் இல்லாத பணம் வேறு ஏதாவது கணக்கை வைத்துத்தான் பங்கு பிரியும். சாட்ஸ்வர்த் மண்டபத்தில் தமிழ்ப் பாட்டுக்காகக் கட்டிய பணம், அந்த மண்டபத்தில் ஒருநாளும் ஒலிக்காத பாட்டுக்காரருக்குப் போய்ச் சேரலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் அன்றைக்குத் தொண்டை வறண்டது எங்களுக்கு. வெளிநாட்டுச் சங்கங்களோடும் சாம்ரோவுக்கு ஒப்பந்தங்கள் உண்டு. நீங்கள் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்தாலும் பட்டியல் இருந்தால்தான் அங்குள்ளவருக்கு வழி தெரியும்.

எழுத்துக்கூட்டல் என்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது, இதில் தவறு முழுக்க என்னுடையது. என் பாட்டு ஒன்றின் தலைப்பில் பழனி வருகிறது. நான் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது தமிழ் வாத்தியார் கெத்தில் 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதினேன். குறுந்தகடு அட்டையில் வெறும் எல். மகள் இணையத்தில் ஏற்றும்போது டபுள் எல், கடைசியில் ஒய். நிகழ்ச்சித் தொகுப்பாளர் கையில் இருந்த சீட்டில் "முருகன் பாட்டு 2". ஒரே பாட்டு, நாலு ஜாதகம். எந்தக் கம்ப்யூட்டர் இதைச் சேர்த்துப் பார்க்கும்? இரண்டு வருடம் அந்தப் பாட்டுக்கு ஒன்றும் வரவில்லையே என்று யார் யாரையோ மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் திருடன் என் பேனாவில் இருந்தான். இப்போது ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, மற்ற மூன்றையும் மாற்றுத் தலைப்பாகச் சேர்த்துவிட்டேன்.

தாத்தா நிலைமை இன்னும் சுவாரசியம். அவருக்குத் தமிழ் பேச வரும், பாட வரும், எழுத்து தெரியாது. இங்கே பிறந்த பலரையும்போல ஆங்கில எழுத்தில்தான் தமிழ்ப் பாட்டை எழுதி வைத்திருக்கிறார். நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு, மஞ்சள் கறை, நடுவில் பின் துருப்பிடித்த பக்கங்கள். "அம்மா" மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு மாதிரி. அந்த நோட்டுத்தான் அவருடைய பத்திரம். இந்த நாட்டில் பாட்டுக் காப்புரிமைக்கு அரசாங்கப் பதிவு எதுவும் தேவையில்லை. எழுதி வைத்தாலோ பதிந்து வைத்தாலோ அந்த நிமிடமே உரிமை பிறந்துவிடும். ஆனால் யார் எழுதியது என்று பின்னால் காட்ட ஏதாவது வேண்டுமே. பேத்தி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறாள். போன வருடம் அவரையும் சாம்ரோவில் உறுப்பினராக்கப் படிவம் நிரப்பினோம். "தொழில்" என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டாள். ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி என்றுதான் அவர் இத்தனை வருடமும் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாட்டுக்காரன்னு போடு" என்றார்.

இணையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பாட்டு ஒன்றை, யாரென்று இன்றுவரை தெரியாத ஒருவர், தன் பெயரில் ஒரு விநியோகத் தளம் வழியாக ஏற்றிவிட்டார். அப்புறம் எங்கள் மாணவர்கள் அதே பாட்டைப் பாடிய வீடியோவைப் போட்டபோது, "இது வேறொருவருக்குச் சொந்தமான இசை" என்று எனக்கே அறிவிப்பு வந்தது. எழுதியவன் நான் என்று நிரூபிக்க ஏழு வாரம் ஆனது. எனக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? பழைய விழா மலர் ஒன்றில் ஒரு புண்ணியவான் செயலாளர் பாட்டின் தலைப்பையும் என் பெயரையும் தேதியோடு அச்சடித்திருந்தார். அதைப் படம் பிடித்து அனுப்பினேன். நீங்கள் காவடியை நேரலையில் காட்டும்போது விவரக் குறிப்பில் இரண்டு வரி எழுதினால் அதுவும் அப்படி ஒரு சாட்சிதான்.

வானொலிக்குக் குறுந்தகடு கொடுக்கும்போதும் இப்படித்தான். 1983இல் ரேடியோ லோட்டஸாகத் தொடங்கிய நாளிலிருந்து லோட்டஸ் எஃப்.எம். நம் சமையலறைகளில் ஒலிக்கிறது. கொடுக்கிற பதிவோடு வரி, மெட்டு, குரல், வாத்தியம் யார் யார் என்று ஒரு சீட்டு வையுங்கள். தட்டின் முதுகில் பேனாவால் "பஜனை" என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்?

இந்த உரிமைச் சங்கங்கள்மேல் எங்களுக்கும் குறை உண்டு, அதை மறைக்கவில்லை. நீடில்டைம் உரிமை 2002இல் சட்டத்தில் வந்தது. நீதிபதி ஃபார்லம் தலைமையிலான காப்புரிமை ஆய்வு ஆணையம் 2011இல் அறிக்கை கொடுத்தபோதும் அந்தப் பணம் கலைஞர் கைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் 25 வருடத்துக்கு மேல் செல்லாது என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத் திருத்த மசோதா 2017இல் வந்தது. ஜனாதிபதி 2020இல் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். 2024இல் மறுபடி நிறைவேறியது. அதே வருடம் அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதை எதிர்ப்பவர்களிலும் இசைக்காரர்கள் உண்டு, ஆதரிப்பவர்களிலும் உண்டு. அந்த வழக்கு எப்படியோ போகட்டும். நான் கேட்கிற தாளுக்கு எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் வேண்டியதில்லை.

தாளை நானே அடித்து வைத்திருக்கிறேன். ஏ4 அளவு, ஒரு பக்கம்தான். மேலே இடம், தேதி, நடத்தியது யார். கீழே கட்டங்கள்: பாட்டின் தலைப்பு, வரி எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாத்தியக்காரர்கள், நேரில் பாடியதா பதிவு போட்டதா. தெரியாத கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், நாலு பேரிடம் கேட்டால் மூன்று பேருடைய பெயர் கிடைத்துவிடும். பழம்பாட்டு என்றால் "மரபு" என்று எழுதுங்கள். கடைசியில் செயலாளர் கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பாடினவர் கையில் கொடுங்கள், அதை அவர் உரிமைச் சங்கத்துக்கு அனுப்பிக்கொள்வார். மற்றதை உங்கள் கோப்பில் போடுங்கள். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இரண்டு குழுக்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டன. முதல் மாதம் ஒரு குழுவில் "மெட்டமைத்தவர்" கட்டத்தில் மேடைக்கு மேட் விரித்தவர் பெயரை எழுதிவிட்டார்கள், பரவாயில்லை, அவருக்கும் நன்றி.

ஆடி மாதக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகள் வருகின்றன. பெரிய கச்சேரிக்குத்தான் தாள் என்று நினைக்க வேண்டாம். ஐந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாடினாலும் எழுதுங்கள். அப்படி உட்கார்ந்துதான் தாத்தா அந்த ஆறு பாட்டையும் கட்டினார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து உங்கள் ஆர்மோனியக்காரன்

பி.கு.: இந்த வருடம் பொன்னாடை போர்த்தியே தீருவது என்றால் தாத்தாவுக்குப் போர்த்துங்கள். அவரிடம் ஒன்றுகூட இல்லை.